கூப்பிடு தூரத்துக் கடல்

கடலோரப் பட்டினத்தில் குடியிருப்பவரைப் பார்த்து, "உங்களுக்கு என்ன குறை? நினைத்தபோதெல்லாம் கடற்காற்று வாங்கலாமே!" என்று உள்நாட்டில் வாழும் உறவினர் கூறுவதுண்டு. கேட்பவரும் புன்னகையோடு தலையசைத்து விடுவார். ஆனால், "கடைசியாகக் கடற்கரைக்குச் சென்றது எப்போது?" என்று அவரையே திருப்பி வினவினால், விடை கூறச் சற்று நேரம் பிடிக்கும். ஊரிலிருந்து மைத்துனர் வந்திருந்தபோது என்பார். அல்லது பிள்ளையாரைக் கரைக்கச் சென்றபோது என்பார். "அதன் பின்னர் ஏன் செல்லவில்லை?" என்றால் ஒரே மறுமொழிதான் வரும்: "கடல் எங்கே ஓடிவிடப் போகிறது? அடுத்த ஞாயிறு போனால் ஆயிற்று."

புதிதாக வந்தவர் வந்த நாள் மாலையிலேயே கடலைக் கண்டுவிடுகிறார். முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவரோ அடுத்த விருந்தினர் வரும் வரையில் அந்தத் திசைக்கே போவதில்லை. முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்று நம் மலையாள அண்டை வீட்டார் கூறுவர். பழகிய பொருளின் அருமை தெரிவதில்லை என்பது இதன் கருத்து. ஆயினும், கடற்கரையைப் பொறுத்த வரையில் இப்பழமொழி பாதி உண்மையே ஆகும். அருகில் வாழ்வோர் அடிக்கடி செல்லாமைக்கு அசட்டை ஒன்றே காரணம் அன்று. தொலைவு, பொழுது, பருவம், கடல்நீரின் ஏற்ற இறக்கம் ஆகிய பலவும் அதில் கலந்துள்ளன. தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் மும்பை மாநகரையே சான்றாக வைத்துக்கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

முதலில், பொழுதுபோக்குக்காகக் கடற்கரைக்குச் செல்லும் வழக்கமே மிகப் பழையதன்று என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நெய்தல் நிலத்தில் வாழ்ந்த மீனவருக்கும் உப்பு விளைப்போருக்கும் கடற்கரை தொழிற்களம். மற்றையோருக்கு அது புண்ணிய காலத்தில் நாடும் தீர்த்தத்துறை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, மாசி மகம், கிரகணம் ஆகிய நாட்களில் நீராடுவர். பிற நாட்களில் கடலைத் தீண்டலாகாது என்று விலக்கி வைத்த மரபும் உண்டு. எனவே, நம் பாட்டனாரைப் பார்த்து, ஆண்டுக்கு எத்தனை முறை கடலுக்குப் போவீர்கள் என்று கேட்டிருந்தால், தயக்கமின்றி இரண்டு அல்லது மூன்று என்று கூறியிருப்பார். காற்று வாங்குவதற்கென்றே கடற்கரைக்குச் செல்லும் பழக்கம் நகர வாழ்வோடு வளர்ந்ததாகும். சென்னைக் கடற்கரையில் உலாவும் பாதையை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டவர், 1881 முதல் 1886 வரை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் ஆவார். மும்பையின் மெரின் டிரைவ் அதனினும் பிற்பட்டது. கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தின் விளிம்பில், பெரும்பாலும் 1930-களில் அமைந்த சாலை அது. 1924-ல் சிறையில் நோயுற்று, அறுவைச் சிகிச்சைக்குப் பின் விடுதலை பெற்ற காந்தியடிகள் உடல்நலம் தேறுவதற்காக ஜுஹு கடற்கரையில் தங்கினார். அக்காலத்தில் ஜுஹு நகரத்துக்கு வெளியே இருந்த அமைதியான கரை. இன்று அது நகரத்தின் நடுவே நெரிசல் மிக்க இடமாகிவிட்டது.

இனி, அருகில் வாழ்வோர் என்று யாரைக் கூறுவது? வரைபடத்தைக் கொண்டு பார்த்தால் மும்பையில் எவரும் நீருக்கு நெடுந்தொலைவில் இல்லை. தெற்கு வடக்காக நீண்டு, கிழக்கு மேற்கில் குறுகிய நிலம் அது. ஆனால் நீர் வேறு, மணற்கரை வேறு. கிழக்குக் கரையில் துறைமுகமும், சேறும், அலையாத்திக் காடும் உள்ளன. சிவ்ரியின் சேற்று நிலத்துக்குக் குளிர்காலந்தோறும் பூநாரைகள் வருகின்றன. ஆனால் மக்கள் உட்கார்ந்து காற்று வாங்க அங்கே மணல் இல்லை. நம்மவர் மிகுதியாக வாழும் செம்பூருக்கு அருகிலும் உப்பு நீர் உண்டு. ஆனால் அந்தப் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் கழிமுகமுமே உள்ளன. மணற்கரை வேண்டுமாயின் மேற்கே செல்ல வேண்டும். கிர்காவ் சௌபாட்டி, தாதர், மாகிம், ஜுஹு, வெர்சோவா ஆகியவை எல்லாம் மேற்குக் கரையில் அமைந்தவை.

மாட்டுங்காவிலிருந்து தாதர் கடற்கரைக்கு இரண்டு மூன்று கிலோமீட்டரே இருக்கும். தாராவியிலிருந்து மாகிம் கரையும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆனால் வழியில் இருப்புப் பாதைகளைத் தாண்ட வேண்டும். வாகனங்கள் இடைவிடாது ஓடும் பெருஞ்சாலைகளைக் கடக்க வேண்டும். முதியவரையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு அத்தொலைவை நடப்பது எளிதன்று. மேலும், இந்நகரத்தின் மின்சார ரயில்கள் தெற்கு வடக்காகவே ஓடுகின்றன. கடற்கரையோ குறுக்குத் திசையில் இருக்கிறது. அலுவலகத்துக்கு முப்பது கிலோமீட்டர் ரயிலில் செல்பவருக்கு அது ஒரே வண்டி. கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டர் செல்லவோ, ஒரு பேருந்தும் ஒரு பாலமும் ஒரு நடையும் வேண்டியிருக்கின்றன. தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பதைக் காட்டிலும், எத்தனை முறை ஏறி இறங்க வேண்டும் என்று கணக்கிடுவதே பொருத்தம். இங்கிலாந்தில் மக்களின் வெளியிடப் பழக்கங்களைப் பற்றி நடத்திய ஆய்வுகளும் இதையொட்டிய ஒன்றையே காட்டுகின்றன. நடந்து செல்லும் தொலைவில் கடல் இருப்பவரே அடிக்கடி செல்கின்றனர். சில கிலோமீட்டர் விலகியதுமே அவ்வழக்கம் விரைந்து குறைந்துவிடுகிறது.

பொழுதும் ஒரு தடை. மும்பையில் நவம்பர் இறுதியில் மாலை 6 மணி அளவில் கதிரவன் மறைந்துவிடுகிறான். ஜூலைத் தொடக்கத்தில் 7 மணி 20 நிமிடம் வரையில் வெளிச்சம் இருக்கும். ஆனால் வெளிச்சம் நீடிக்கும் அந்தக் காலமே மழைக்காலம். வானம் தெளிந்திருக்கும் குளிர்காலத்தில் வேலை முடிந்து வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடுகிறது. வாரநாட்களில் கடற்கரையைக் காண்பவர் அதன் ஓரத்திலேயே வசிப்பவரும், காலையில் நடைப்பயிற்சி செய்பவருமே. கூலி வேலை செய்வோருக்கும், சிற்றுண்டிக் கடைகளில் பணி புரிவோருக்கும் ஞாயிறும் பெரும்பாலும் வேலை நாளே. மும்பையில் பிறந்து, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையிலேயே வளர்ந்து, கடலை நான்கைந்து முறைக்கு மேல் பார்த்திராத பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றால், வியப்பதற்கு இடமில்லை.

அடுத்து, நம்மவர் பலரும் அறியாத ஒரு காரணத்தைக் காண்போம். கடல் எங்கே ஓடிவிடப் போகிறது என்கிறோம். மும்பையில் கடல் உண்மையாகவே நாள்தோறும் இருமுறை ஓடிவிட்டுத் திரும்புகிறது. இதனை ஓதம் என்பர். மராத்தியில் ஏற்றத்தைப் பர்தி என்றும், இறக்கத்தை ஓஹோட்டி என்றும் கூறுவர். திங்களின் ஈர்ப்பும் கதிரவனின் ஈர்ப்பும் இதற்குக் காரணம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இவ்விரண்டும் ஒரே நேர்க்கோட்டில் சேர்ந்து இழுப்பதால் ஓதம் பெருகும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் குறுக்கே இழுப்பதால் தணியும். சென்னையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே பெரிய நாட்களிலும் சுமார் 1 மீட்டர் அளவே வேறுபாடு உண்டு. எனவே மெரினாவுக்கு எந்த நேரத்தில் சென்றாலும் கடல் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். மும்பையிலோ பெரு ஓத நாட்களில் நீர்மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அகன்று ஆழம் குறைந்த கடலடித் தரை அப்பகுதியில் அமைந்திருப்பதே இதற்குக் காரணம். வடக்கே காம்பே வளைகுடாவில், பாவ்நகரில், இது 10 மீட்டரையும் எட்டும்.

இதன் விளைவு என்னவெனில், மெரினாவில் பழகியவர் மும்பையில் ஒரு மாலை தாதர் கடற்கரைக்குச் செல்கிறார்; மணலே இல்லை, அலை தடுப்புச் சுவரில் மோதுகிறது. மற்றொரு மாலை செல்கிறார். நீர் நெடுந்தொலைவு விலகி, கரும்பாறையும் சேறும் வெளிப்பட்டுக் கிடக்கின்றன. இதுவும் ஒரு கடற்கரையா என்று சலிப்புற்றுத் திரும்புகிறார். அதன் பின் போகத் தோன்றுவதில்லை. உண்மையில் குறை கரையினிடத்தில் இல்லை. சென்ற நேரத்தில்தான் இருக்கிறது.

அந்த நேரத்தை அறிவது நம் இல்லங்களில் கடினமன்று. பஞ்சாங்கமோ நாட்காட்டியோ இல்லாத தமிழ் வீடு ஏது? மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏறக்குறைய நண்பகலிலும் நள்ளிரவிலும் நீர் ஏறி நிற்கும். காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் வடிந்திருக்கும். அதன் பிறகு நாள் ஒன்றுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். பஞ்சமியன்று பிற்பகல் 4 மணி அளவிலும், அஷ்டமியன்று மாலை 6 மணி அளவிலும் நீர் ஏறியிருக்கும். ஆதலின் மாலையில் உலாவுவதற்குப் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்கள் ஏற்றவை. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் மணல் குறுகியிருக்கும். இது தோராயமான கணக்கே. துல்லியமான நேரம் நாளிதழ்களில் வெளியாகிறது. கடலோடு பழகிய கோலி மீனவர் இதனை எழுத்தின்றியே அறிவர். கணக்குப் பிசகினால் பெருங்கூட்டத்தையும் ஓதம் காக்க வைத்துவிடும். 2025-ல் புகழ்பெற்ற லால்பாக் விநாயகர் சிலையைக் கரைப்பதற்குக் கிர்காவ் சௌபாட்டியில் மக்கள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது ஓதத்தினால்தான்.

பருவத்தையும் கருத வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையை நேரே வந்து தாக்குகிறது. அக்காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். நீலநிறச் சொறிமீன்கள் ஜுஹு முதலிய கரைகளில் ஒதுங்கி, மிதித்தவரைக் கொட்டும். மீன்வளத்தைக் காக்கும் பொருட்டு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இயந்திரப் படகுகளுக்கு மேற்குக் கரையில் தடை இருப்பதால் மீனவரும் கடலுக்குச் செல்வதில்லை. ஆவணித் திங்களை ஒட்டி வரும் நாரளி பௌர்ணமியன்று கடலுக்குத் தேங்காய் படைத்து வழிபட்ட பின்னரே கோலி மக்கள் தம் தொழிலைத் தொடங்குவர். கடலிலேயே பிறந்து வளர்ந்தவர் விலகி நிற்கும் காலத்தில், நாம் பிள்ளைகளை அழைத்துச் சென்று அலையில் இறக்குவது பேதைமை. மெரின் டிரைவின் சுவரில் மோதி எழும் அலையைக் காணக் கூடும் கூட்டத்தில் சிலர் அடித்துச் செல்லப்படும் செய்தியை மழைக்காலத்தில் நாம் கேள்விப்படுகிறோம். ஆக்சா போன்ற சில கரைகள் தெளிந்த பருவத்திலும் ஆபத்தானவை.

இவற்றையெல்லாம் வைத்து, கடலுக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் தொலைவில் வாழும் ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 52 ஞாயிறுகள். மழைக்காலத்து நான்கு மாதங்களில் 17 ஞாயிறுகள் கழிந்தன, எஞ்சியவை 35. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு மாலைகளில் நீர் ஏறியிருக்கும். அவற்றை நீக்கினால் ஏறத்தாழ 23. திருமணம், தேர்வு, காய்ச்சல், விருந்தினர், ஊர்ப் பயணம் என்று ஓர் ஏழு எட்டைத் தள்ளுவோமானால் 15 அல்லது 16 மிஞ்சும். அதாவது, எட்டு மாதங்களில் மாதத்துக்கு இருமுறை. இதற்கு மேல் செல்ல இயலவில்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. ஆனால் பெரும்பாலோர் செல்வது இதில் நான்கில் ஒரு பங்குகூட இராது. இயன்றதற்கும் நடப்பதற்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைத்தான் முன்னர்க் கூறிய பழமொழி குறிக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்புவது எது? கடல் மீதுள்ள ஆசை அன்று. ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. நாள் குறித்தலே அதனைச் செய்ய வல்லது. மும்பைக் கரைகளுக்குத் தவறாது வரும் மக்கள் யார் யார் என்று நோக்குவோமானால் இது விளங்கும். அனந்த சதுர்த்தசியன்று விநாயகரோடு இலட்சக்கணக்கானோர் வருகின்றனர். டிசம்பர் 6-ஆம் நாள், அம்பேத்கர் 1956-ல் மறைந்த நினைவு நாளில், அவருடைய உடல் எரியூட்டப்பட்ட தாதர்க் கரையிலுள்ள சைத்ய பூமிக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். தீபாவளிக்குப் பின் ஆறாம் நாள் பீகாரிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளிகள் ஜுஹு கடற்கரையில் மாலைக் கதிரவனுக்கு நீர் வார்த்துச் சத் வழிபாடு செய்கின்றனர். நம்மைப் போலவே பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஊரில் கடல் இல்லை. ஆற்றங்கரையில் செய்த வழிபாட்டைக் கடற்கரைக்குக் கொண்டு வந்தனர். ஒரு திதியோடு கரையைப் பிணைத்ததால் அந்தக் கரை அவர்களுக்கும் உரியதாயிற்று. "ஒருநாள் போவோம்" என்றவர் போவதில்லை. "இன்ன நாள்" என்றவர் போகிறார்.

கடற்கரைக்குப் போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கு இரண்டு விடைகள் உள்ளன. முதலாவது வீட்டைப் பற்றியது. ஓர் அறையிலோ, இரண்டு அறைகளிலோ ஆறேழு பேர் வாழும் நகரம் இது. ஊரில் திண்ணையும் தோப்பும் கண்டு வாழ்ந்த தாய் தந்தையரை, முதுமையில் தனியே விடலாகாது என்று இங்கே அழைத்து வந்து விடுகிறோம். அவர்கள் நான்காம் மாடியின் சன்னலோரத்தில் அமர்ந்து, எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு நாட்களைக் கழிக்கின்றனர். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், பிற்பகல் முதல் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரையை நோக்கி வீசும். அந்தக் காற்றையும் அகன்ற வானத்தையும் கட்டணமின்றித் தரும் இடம் கடற்கரை ஒன்றே. பூங்காவுக்குப் பூட்டு உண்டு. திரையரங்குக்குச் சீட்டு உண்டு. மணலுக்கு இவை இரண்டும் இல்லை. பேலோ, சுண்டலோ ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினால் அதுவே செலவு.

இரண்டாவது விடை கரையைப் பற்றியது. கடற்கரை எவருடைய தனிச்சொத்தும் அன்று. பொதுமக்கள் கூடும் மன்றமாகவும் அது விளங்கியிருக்கிறது. 1920-ல் மறைந்த திலகரின் உடல் கிர்காவ் சௌபாட்டியில் எரியூட்டப்பட்டது. சென்னையில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் தேசபக்தர்கள் கூட்டம் நடத்திய இடமோ திலகர் கட்டம் என்று பெயர் பெற்றது. 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது கமலாதேவி சட்டோபாத்தியாயா முதலானோர் மும்பைக் கடற்கரையிலேயே உப்புக் காய்ச்சினர். இத்தகைய பொதுவிடத்தை மக்கள் நாடாது விட்டால், அதனை நாட வேறு சிலர் உள்ளனர். கழிவு நீர் வந்து சேரும், குப்பை சேரும், கட்டடங்கள் நெருங்கி வரும். இதனை உணர்ந்தே 1981-ல் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடம் எழும்பாமல் காக்குமாறு கடலோர மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். 1991-ல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை பிறந்தது. 2011-லும் 2019-லும் அது மாற்றி எழுதப்பட்டது. கடைசித் திருத்தத்தில் சில கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 2024-ல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்ட மும்பைக் கடலோரச் சாலைக்காகவும் கடல் தூர்க்கப்பட்டது. ஒரு கரையில் கட்டும் சுவர் மற்றொரு கரையின் மணலைக் கொண்டு போகலாம் என்பதற்குச் சென்னையே சான்று. 1870-களில் தொடங்கிய துறைமுக வேலைக்குப் பின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கத்தில் கடல் நிலத்தை அரித்தது. ஆகவே, கடல் ஓடிவிடாது என்றாலும் கரை ஓடிவிடக்கூடும்.

ஓடிய கரையை மீட்கவும் முடியும் என்பதற்கு வெர்சோவா எடுத்துக்காட்டு. 2015-ல் அக்கரையோரத்தில் குடியேறிய வழக்கறிஞர் அஃப்ரோஸ் ஷா, மணலே தெரியாதபடி பிளாஸ்டிக் குப்பை குவிந்திருக்கக் கண்டார். அண்டை வீட்டாரில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தம் கையாலேயே அள்ளத் தொடங்கினார். வாரந்தோறும் தவறாது வந்தார். பிறரும் வந்து சேர்ந்தனர். ஆயிரக்கணக்கான டன் குப்பை அகன்றது. 2016-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அவரைச் சிறப்பித்தது. 2018 மார்ச்சில் அந்த மணலிலிருந்து ஆமைக்குஞ்சுகள் வெளிப்பட்டுக் கடலுக்குள் இறங்கியதை மக்கள் கண்டனர். கூர்ந்து பார்த்தால், இங்கும் வேலை செய்தது குறித்த நாளில் வரும் வழக்கமே. ஆண்டுக்கு ஒருமுறை வருபவருக்குக் கரை கெட்டது தெரியாது. என்றுமே இப்படித்தான் இருந்தது போலும் என்று எண்ணிக்கொள்வார். மாதந்தோறும் வருபவரே, சென்ற மாதம் இல்லாத குழாய் இம்மாதம் வந்திருக்கிறதே, சென்ற ஆண்டு இருந்த மணல் எங்கே என்று கேட்பார். அந்தக் கேள்வியே கரைக்குக் காவல்.

ஆதலின் மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், மழை ஓய்ந்த ஐப்பசி முதல் வைகாசி நடு வரையில், பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறு ஒன்றையும் அமாவாசையை ஒட்டிய ஞாயிறு ஒன்றையும் கடலுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். அந்த மாலைகளில் நீர் விலகி மணல் அகன்றிருக்கும். நாட்காட்டியில் அந்நாட்களை இப்போதே வட்டமிட்டு வைப்பது நன்று. மேற்கு ரயில் பாதையில் சர்னி ரோடு நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் கிர்காவ் சௌபாட்டி. ஏறி இறங்கும் தொல்லை குறைந்த கரை இதுவே. முதியவருக்கு விரிக்க ஒரு சமுக்காளமும், குடிக்க நீரும் எடுத்துச் செல்ல வேண்டும். கழிவு நீர் கலப்பதால், நகரக் கரைகளில் நீராடுவதைத் தவிர்த்துக் காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வது நலம். கொண்டு சென்ற தாளையும் புட்டியையும் திரும்பக் கொண்டு வந்துவிட வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

விசாகப்பட்டினம், கொச்சி, திருவனந்தபுரம் போன்ற கடலோர நகரங்களில் வாழும் நம்மவருக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஓதத்தின் நேரமும் அளவும் மட்டும் ஊருக்கு ஊர் மாறுபடும். திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி ஆண்டுக்கு இருமுறை சங்குமுகம் கடற்கரைக்கு ஆராட்டுக்கு எழுந்தருளுகிறார். ஊர்வலம் கடந்து செல்வதற்காக வழியிலுள்ள விமான நிலையத்தின் ஓடுபாதையே சில மணி நேரம் மூடப்படுகிறது. குறித்த நாளுக்கு வானூர்தியும் வழி விடுகிறதென்றால், நம் வீட்டு வேலைகள் ஒரு மாலைக்கு வழி விடலாகாதா?

சென்னையில் பௌர்ணமி மாலையில் திங்கள் கடலிலிருந்து எழும். மும்பையில் அதே மாலையில் கதிரவன் கடலில் இறங்க, முதுகுக்குப் பின்னால் வீட்டுக் கூரைகளுக்கு மேலே திங்கள் எழும். மணலில் அமர்ந்தவர் தலையைத் திருப்பினால் இரண்டையும் காணலாம். இக்காட்சியைப் பேரப்பிள்ளைக்குச் சுட்டிக்காட்டும் வாய்ப்பு, பருவம் நன்றாயிருந்தால், ஆண்டுக்கு ஏழெட்டு மாலைகளுக்கு மேல் கிட்டாது. அடுத்த பௌர்ணமி என்று வருகிறது என்பதை நாட்காட்டியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.